மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தக் கட்டணத்தைப் பேசுங்கள்

கேள்வி:

வணக்கம் சார். என் கணவர் சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். நான் வீட்டிலிருந்தே தையல் வேலை பார்க்கிறேன். பதினோரு வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, ஊரில் இருந்த பங்கை விற்ற பணம் கைக்கு வந்ததால் இப்போதுதான் மனை பார்க்கிறோம். அம்மாபேட்டைக்கு அந்தப் பக்கம், மாநகராட்சி எல்லைக்குள்ளேயே 1,200 சதுர அடி, அப்ரூவ் ஆன மனை, சதுர அடி 1,400 ரூபாய் சொல்கிறார்கள். 950 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கட்ட எண்ணம். பிளான் போட்டுத் தரும் பொறியாளர், அப்ரூவலுக்கு மொத்தம் 1,05,000 ஆகும், அதில் 76,000 கார்ப்பரேஷன் சார்ஜ், மீதி 29,000 என் ஃபீஸும் இதரமும் என்கிறார். லோன் வருவதற்கு முன்பே இதைக் கட்ட வேண்டுமாம். என் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்று இருக்கிறேன். கொழுந்தனாரோ, “எதுக்கு அண்ணி வீண் செலவு, எல்லையைத் தாண்டி அயோத்தியாப்பட்டணம் பக்கம் பஞ்சாயத்தில் வாங்குங்க, மனை 1,150 ரூபாய்தான், சார்ஜும் 25,000 தாண்டாது” என்கிறார். அது 2011-ல் போட்ட மனைப்பிரிவு. அப்ரூவல் இல்லை, ஆனால் பத்திரம் ஆகும் என்கிறார்கள். மாமனார் வழியில் ஏற்காட்டில் ஒரு கிராமத்தில் 5 சென்ட் வேறு இருக்கிறது. எது சரி? இந்த மாதிரிக் கட்டணங்களால்தானே எங்களைப் போன்றவர்களால் வீடு கட்ட முடியவில்லை?

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

சங்கிலி இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது என்றால் ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும். மனைக்கு அட்வான்ஸும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான். கொடுத்த பிறகு கேட்டிருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

முதலில் அந்த 1,05,000-ஐப் பிரிப்போம். அதில் 76,000 அரசாங்கத்துக்குப் போவது. 29,000 உங்கள் பொறியாளருக்கும் “இதர”த்துக்கும். நானும் இதே தொழிலில் முப்பது வருடமாக இருப்பவன்தான், பொறியாளர் கூலி வாங்குவதில் தப்பே இல்லை. படம் வரைய, மனையை அளக்க, ஆன்லைனில் ஏற்ற, ஏதாவது கேள்வி வந்தால் பதில் சொல்ல அவருக்கு நேரம் போகிறது. ஆனால் ஃபீஸ் எவ்வளவு, இதரம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். “இதர” என்ற மூன்றெழுத்துக்கு அரசாணை கிடையாது.

அப்புறம் அந்த 76,000. இதை 950-ஆல் வகுத்தால் சதுர அடிக்குச் சரியாக 80 ரூபாய் வருகிறது. அதாவது அவர் ஒரு சதுர அடி வீதத்தை வைத்துப் பெருக்கிச் சொல்லியிருக்கிறார். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது அதன்மேல் ஒரு மாடி, அவ்வளவுதான் என்றால் ஒற்றைச்சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றி, பணத்தைக் கட்டினால் உடனே அனுமதி வந்துவிடும். அதிகாரி வந்து பார்த்த பிறகுதான் என்ற காத்திருப்பு இல்லை. படத்தைச் சரிபார்க்க வாங்கும் கூர்ந்தாய்வுக் கட்டணமும், உட்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் இந்த முறையில் விலக்கு. உங்கள் வீடு இதற்குள் தாராளமாக அடங்கும். மனை அப்ரூவ் ஆனதாகவோ, அப்ரூவல் இல்லாமல் போட்டுப் பிறகு அரசிடம் பணம் கட்டிச் சரிசெய்துகொண்டதாகவோ, அதாவது வரன்முறை செய்யப்பட்டதாகவோ, இருக்க வேண்டும். சுயசான்று என்பதால் பொறுப்பும் உங்களுடையதே: தெருப் பக்கம் இவ்வளவு அடி விட்டிருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விடாமல் கட்டினால் நாளைக்கு நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும், பொறியாளர் பெயருக்கு மட்டும் அல்ல.

வீதத்தை எப்படிச் சரிபார்ப்பது? உங்கள் மண்டல அலுவலகத்தில் நடப்பு வீதத்தைக் கேளுங்கள். அரசாணைகளில் வீதம் பெரும்பாலும் சதுர மீட்டருக்குத்தான் இருக்கும். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. உங்கள் 950 சதுர அடி என்பது 88.26 சதுர மீட்டர். அந்த எண்ணை வீதத்தால் பெருக்கிப் பாருங்கள், பத்து இருபது ரூபாய் வித்தியாசத்தில் ஒத்துவர வேண்டும். 950 என்பது உள்ளே நடக்கும் இடமா, சுவர் கனத்தையும் சேர்த்த பரப்பா, போர்டிகோவும் மாடிப்படியும் சேர்ந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் ஒரு 950 நினைப்பார், மேஸ்திரி ஒன்று நினைப்பார், கட்டணம் மூன்றாவது ஒன்றுக்கு விழும். பணம் ஆன்லைனில்தான் கட்டப்படுகிறது, ரசீதும் அங்கேயே வரும். ஆகவே அந்த 76,000-ஐப் பொறியாளர் கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டியதே இல்லை. உங்கள் கணவர் கணக்கிலிருந்தே போகட்டும்.

சரி, இந்தத் தொகை பெரிதா சிறிதா? மனை 16,80,000. கட்டடம் சதுர அடி 2,100 என்று வைத்தால் 19,95,000. இரண்டும் சேர்ந்து 36,75,000. அதில் 76,000 என்பது நூற்றுக்கு இரண்டு ரூபாய் சொச்சம். பத்திரத்தில் மனையின் முழு விலையைப் போட்டால் முத்திரைத் தீர்வை மட்டுமே 7 சதவீதம், 1,17,600. பதிவுக் கட்டணம் அதற்கு மேல் தனி. அதைக் கேட்டு உங்களுக்குத் தலை சுற்றவில்லை, இதைக் கேட்டுச் சுற்றுகிறது. ஏனென்றால் பத்திரச் செலவு ஊருக்கே தெரியும், மனை பார்க்கும்போதே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். இது யாருக்கும் தெரியாது. எல்லாப் பணத்தையும் எண்ணி முடித்த பிறகு பின்கட்டு வழியாக உள்ளே வருகிறது. இந்தக் கட்டணத்தின் முக்கியமான கெடுதல் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இதை மனை விலைக்குள் திருப்பி அனுப்ப முடியும். 76,000-ஐ 1,200-ஆல் வகுத்துப் பாருங்கள். 63 ரூபாய் சொச்சம். விற்பவர் 1,400 சொல்கிறார். நீங்கள் 1,330-க்குக் கேளுங்கள். “குறைச்சுக் கொடுங்க” என்று மட்டும் கேட்டால் அவர் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுப்பார். “இந்த மனையில் கட்டுவதற்குச் சதுர அடிக்கு 63 ரூபாய் கார்ப்பரேஷனுக்குக் கட்ட வேண்டியிருக்கிறது, இதோ கணக்கு” என்று தாளைக் காட்டிக் கேளுங்கள். நிலத்தின் விலை என்பது அதில் கட்டக்கூடிய வீட்டுக்கு ஒருவர் மொத்தமாக எவ்வளவு கொடுப்பார் என்பதிலிருந்து கட்டடச் செலவையும் கட்டணத்தையும் கழித்த மிச்சம். சிமென்ட் விலையை உங்களால் குறைக்க முடியாது, கொத்தனார் கூலியையும் முடியாது. இறங்கக்கூடியது நிலம் ஒன்றுதான். ஒருவர் கேட்டால் விற்பவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அடுத்தடுத்து வருபவர்கள் எல்லோரும் அதே தாளோடு வந்தால் இறங்குவார். நம் ஊரில் யாரும் அப்படி வருவதில்லை என்பதால் கட்டணம் முழுவதும் வாங்குபவர் தலையில் நின்றுவிடுகிறது. மனை விலை ஏறிக்கொண்டே போகும் பகுதியில் இது பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பகுதியில் “மனை விற்பனைக்கு” போர்டுகள் வெயிலில் வெளுத்துப் போய் நிற்கின்றனவா, புதிதாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.

இன்னொரு விஷயம், அப்ரூவ் ஆன மனை வாங்கும்போது நீங்கள் ஏற்கெனவே ஒரு சுற்றுக் கட்டணம் செலுத்திவிடுகிறீர்கள். மனைப்பிரிவு போடுபவர் ஒரு ஏக்கர், அதாவது 100 சென்ட் நிலம் வாங்கினால் முழுவதையும் விற்க முடியாது. சாலைக்கு விட வேண்டும். மொத்த நிலம் 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மீதியில் 10 சதவீதம் பூங்காவுக்கு. 10,000 சதுர மீட்டர் வரை அதற்குப் பதில் பணமாகக் கட்டலாம், அதற்கு மேல் போனால் நிலமாகத்தான் கொடுக்க வேண்டும். சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். போக, கையில் விற்பதற்கு நிற்பது 60 சென்ட் அளவுக்குத்தான். 100 சென்ட்டின் விலையை 60 சென்ட் சுமக்கிறது. வெளியே ரசீது இல்லாத வளர்ச்சிக் கட்டணம் இது. அரசு பணமாக வசூலிப்பதைவிட நம் ஊரில் நிலமாக எடுத்துக்கொள்வதுதான் எப்போதுமே பெரிது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, முப்பதடி ரோடு இல்லாத மனையை வாங்கி என்ன செய்வீர்கள்? ஆனால் காசு கொடுத்தவர் நீங்கள் என்பதால், அந்தத் தானப் பத்திரம் நிஜமாகவே எழுதப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். மனைப்பிரிவு அனுமதி எண்ணையும் படத்தையும் வாங்கி, படத்தில் பச்சையாக இருக்கும் பூங்கா, நேரில் போனால் யாருடைய மாட்டுக் கொட்டகையாக இருக்கிறது என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்போது கொழுந்தனார் சொல்லும் மனை.

அவர் சொல்வதில் பொய் இல்லை. ஊராட்சிகளில் கட்டட அனுமதிக் கட்டணம் மாநகராட்சியைவிடக் குறைவுதான். மனையில் 3,00,000 மிச்சம், கட்டணத்தில் 51,000 மிச்சம், ஆக 3,51,000. ஆனால் அது அப்ரூவல் இல்லாத மனைப்பிரிவு. “பத்திரம் ஆகும்” என்பது அவர்கள் காட்டும் ஆறுதல். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. பிறகு சட்டத்தைத் திருத்தி, ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதிவான ஒன்றை மறுபடி விற்க வழி விட்டார்கள். அதனால் மறுவிற்பனைக்குப் பத்திரம் ஆகிவிடும். பத்திரம் ஆனதால் அதில் வீடு கட்ட அனுமதி கிடைத்துவிடாது. பதிவுத் துறை வேறு, கட்டட அனுமதி வேறு.

வீடு கட்ட வேண்டுமானால் முதலில் வரன்முறைப்படுத்த வேண்டும். 2017-ல் வந்த விதிகள் 20.10.2016-க்கு முன் உருவான அனுமதியற்ற மனைப்பிரிவுகளுக்கு அதற்கு வழி விட்டன. 2011-ல் போட்டது என்பதால் தேதி பொருந்தும். அதற்கு வரன்முறைக் கட்டணம் ஒன்று, வளர்ச்சிக் கட்டணம் ஒன்று, பூங்காவுக்கு இடம் விடாததற்கான தொகை ஒன்று என்று தனித்தனியாக விழும். ஆகக் கொழுந்தனார் சொன்ன 25,000 என்பது அத்தனையும் கட்டி முடித்த பிறகு தொடங்கும் கணக்கு. மனைப்பிரிவுக்கு மொத்தமாக வரைபட ஒப்புதல் ஆகியிருந்தால்தான் உங்கள் தனி மனைக்கு ஆணை வரும் என்பதால், விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “வரன்முறை ஆணை கையில் இருக்கிறதா?” இருந்தால் காட்டுவார். “போட்டிருக்கோம், வந்துரும்” என்றால் வந்த பிறகு பேசலாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். வாங்கியே தீர வேண்டும் என்று கணவர் நினைத்தால், விற்பவர் தன் செலவில் ஆணையை வாங்கிக் கொடுத்த பிறகு மீதிப் பணம் என்று ஒப்பந்தம் போடுங்கள்.

அடுத்தது மனைக்குக் கீழே இருப்பது. சேலத்தைச் சுற்றிப் பாறைப் பூமி. அந்தப் பக்கம் போர் போட்டு, கேசிங் இறக்கி, மோட்டார் வைக்க ஒன்றரையிலிருந்து இரண்டு லட்சம் எடுத்து வையுங்கள். தண்ணீர் வருமா என்பது கடவுளுக்கும் ரிக் வண்டிக்காரருக்கும்தான் தெரியும், அவர்களிலும் ரிக் வண்டிக்காரர் சொல்ல மாட்டார். ஜல் ஜீவன் குழாய் அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். பாதாள சாக்கடை இல்லை என்பதால் செப்டிக் டேங்க். சாலை இன்னும் போடாத இடம் என்றால் மனையை இரண்டடி உயர்த்த வேண்டி வரும்: 1,200 சதுர அடிக்கு இரண்டடி என்றால் 2,400 கன அடி, அதாவது 24 யூனிட் மண். கணவர் தினம் செவ்வாய்பேட்டைக்கு வண்டியில் போய் வர, இப்போதைவிட ஒரு வழிக்கு 8 கிலோமீட்டர் கூடுதல் என்றால் நாளைக்கு 16, வருடம் 300 நாளுக்கு 4,800 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுத்தாலும் 107 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல். எட்டு வருடத்தில் உங்கள் 76,000 பெட்ரோல் டேங்க்கில் போய்விடும்.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் கல்யாணமான புதிதில், நகரத்தின் ஓரத்தில், இதே கட்டணக் கணக்கைப் போட்டு எல்லைக்கு வெளியே மனை வாங்கினேன். பொறியாளர் அல்லவா, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. கட்டியதெல்லாம் சட்டப்படிதான், உள்ளாட்சி கேட்ட தொகை முழுவதும் கட்டினேன், ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது. சாக்கடை வர ஒன்பது வருடம் ஆனது. அதற்குள் மண் ரோடு ஜல்லி ரோடாகி, ஜல்லி ரோடு தார் ரோடாகி, ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டார்கள். நான் வைத்த இரண்டடி அடிமட்டம் ஒரு அடியாகி, பிறகு வாசல்படி ரோட்டுக்குச் சமமாகி, ஒரு ஐப்பசி ராத்திரி மழைத் தண்ணீர் சமையலறை வரைக்கும் வந்தது. அரிசி டின்னைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சரி, விடுங்கள். அதிலிருந்து யார் வீட்டுக்குப் படம் போட்டாலும் ரோட்டிலிருந்து மூன்றடிக்குக் குறையாமல் அடிமட்டம் வைக்கச் சொல்கிறேன். நீங்களும் எந்த மனை வாங்கினாலும் அப்படியே வையுங்கள்.

இதை எதற்குச் சொன்னேன் என்றால், கட்டணத்தின் மேல் எனக்குள்ள கோபம் தொகையால் வந்தது இல்லை. வளர்ச்சிக் கட்டணம் என்று வாங்குகிறார்கள், எந்தத் தெருவின் வளர்ச்சிக்கு, எந்த வருடத்தில் என்று எழுதித் தருவதில்லை. அடுக்குமாடி போன்ற பெரிய கட்டடங்களுக்கு 2008 விதிகளின்படி வாங்கும் உட்கட்டமைப்பு வசதிக் கட்டணம் மாநில அளவில் ஒரு நிதிக்குப் போகிறது. சேலம் அழகாபுரத்தில் கட்டப்படும் ஃப்ளாட்டுக்காகச் செலுத்திய பணம் அழகாபுரத்துக்கே திரும்ப வரும் என்று உறுதி எதுவும் இல்லை. வரி என்றால் கேட்க முடியாது. கட்டணம் என்றால் கேட்கலாம். இந்த வித்தியாசத்தை 1954-லேயே, அன்றைய சென்னை மாகாணத்து அறநிலையச் சட்டம் பற்றிய சீரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேசியது: கட்டணம் என்பது ஒரு சேவைக்குக் கைமாறாக வாங்குவது. பின்னாளில், 1983 வாக்கில், பைசா சுத்தமாகக் கணக்கு ஒத்துவர வேண்டியதில்லை, பொதுவான தொடர்பு இருந்தால் போதும் என்று கோர்ட்டே கொஞ்சம் தளர்த்திவிட்டது.

“இந்தக் கட்டணங்களால்தானே வீடு கட்ட முடியவில்லை” என்று கேட்டிருந்தீர்கள். நம் அளவில், இல்லை. நூற்றுக்கு இரண்டு ரூபாயை எடுத்துவிட்டாலும் மீதி 98 ரூபாய் அப்படியேதான் நிற்கும். எங்கே இது நிஜமாகவே வீட்டைத் தடுக்கிறது என்றால், அமெரிக்காவில் கலிபோர்னியா மாதிரி இடங்களில். அங்கே 1978-ல் ஒரு பொது வாக்கெடுப்பு நடத்தி, சொத்துவரியை மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகாமலும், அந்த மதிப்பும் சொத்து கைமாறும் வரை வருடம் 2 சதவீதத்துக்கு மேல் ஏறாமலும் கட்டிப் போட்டார்கள். ஏற்கெனவே வீடு வைத்திருந்தவர்களுக்குச் சந்தோஷம். நகராட்சிகளுக்குப் பணம் வேண்டுமே, புதிதாகக் கட்ட வருபவர்கள் மேல் கட்டணத்தை ஏற்றத் தொடங்கின. எல்டொராடோ என்ற மாவட்டத்தில் ஒருவர் தன் சொந்த நிலத்தில் தொழிற்சாலையில் செய்த ஒரு சிறிய வீட்டைக் கொண்டுவந்து வைக்கப் போனார். போக்குவரத்து நெரிசலுக்கான கட்டணம் என்று 23,420 டாலர் கேட்டார்கள். கட்டிவிட்டு வழக்குப் போட்டார். 2024 ஏப்ரலில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: சட்டமன்றமோ உள்ளாட்சி மன்றமோ சட்டமாகவே போட்டிருந்தாலும், கேட்கும் தொகைக்கும் அந்த வீட்டால் உண்டாகும் பாதிப்புக்கும் தொடர்பும் ஏறக்குறைய பொருத்தமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டணமே செல்லாது என்று சொல்லவில்லை, பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கீழே திருப்பி அனுப்பியது.

நம் ஊரிலும் அந்த வாசனை கொஞ்சம் அடிக்கிறது. சொத்துவரியை 2018-ல் ஏற்றினார்கள், 2019-ல் நிறுத்தி வைத்தார்கள், 2022-ல் மறுபடி ஏற்றினார்கள், சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50 சதவீதம் என்று. ஏற்றினால் ஓட்டுப் போடுபவர்கள் திட்டுகிறார்கள். இனிமேல் குடிவரப் போகிறவருக்கு அந்த வார்டில் ஓட்டு இல்லை, ஆகவே அவரிடம் கேட்பது சுலபம். சதுர அடிக்கு ஒரே வீதம் என்பதும் எனக்கு உடன்பாடில்லை. சதுர அடி 6,000 போகும் இடத்தில் கட்டுபவருக்கும், 1,400 போகும் இடத்தில் கட்டும் உங்களுக்கும் அதே 80 ரூபாய். அவருக்கு அது தூசு, உங்களுக்குச் சங்கிலி.

ஏற்காட்டு 5 சென்ட்டை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏற்காடு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறது, 1990 முதல் இருக்கும் ஏற்பாடு. வேளாண் பொறியியல், கனிமவளம், வனம் என்று துறைகளின் கருத்து வாங்க வேண்டியிருக்கும். கட்டணம் குறைவாக இருக்கலாம், காத்திருக்கும் காலம்தான் அங்கே கட்டணம். செங்கல்லும் எம்-சாண்டும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். முதலில் மாமனாரிடம் இருப்பது சாதாரணப் பட்டாவா, நிபந்தனைப் பட்டாவா என்று தாலுகா அலுவலகத்தில் பாருங்கள். அவசரத்துக்கு விற்றுவிடவும் வேண்டாம்.

கடைசியாக லோன். அனுமதி பெற்ற பிளான் இல்லாமல் வங்கி கட்டடக் கடனைத் தொடாது, ஆகவே கட்டணம் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். கடன் வருவது கடைக்கால், லிண்டல், ரூஃப் என்று கட்டம் கட்டமாக. எஸ்டிமேட்டில் “அனுமதி மற்றும் இணைப்புக் கட்டணங்கள்” என்று ஒரு தனி வரி போடச் சொல்லுங்கள், குடிநீர், பாதாள சாக்கடை இணைப்பு வைப்புத் தொகையும் ரோடு வெட்டும் கட்டணமும் அதிலேயே இருக்கட்டும். கட்டிய ரசீதைக் காட்டி, உங்கள் பங்குத் தொகையில் அதைச் சேர்த்துக்கொள்வார்களா என்று மேலாளரிடம் கேளுங்கள். மாடிக்கும் சேர்த்து இப்போதே அனுமதி வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம், கட்டாத பரப்புக்கு ஏன் காசு?

ஆக, அம்மாபேட்டைப் பக்கத்து மனைதான், ஆனால் 1,400-க்கு அல்ல. ஆடி பிறக்கப் போகிறது. ஆடியில் யாரும் மனைக்கு அட்வான்ஸ் கொடுப்பதில்லை, தரகர்கள் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் போய்ப் பேசுங்கள், ஆவணியில் பத்திரம் போடுங்கள். 1,340-க்கு வந்தாலே மனையில் 72,000 குறைந்துவிடுகிறது. அந்தப் பணம் உங்கள் கையிலேயே நிற்கும், அதில்தான் கட்டணத்தைக் கட்டப் போகிறீர்கள். கார்ப்பரேஷன் கட்டணத்தில் மீதி 4,000-க்குச் சங்கிலி எதற்கு?

பொறியாளர் அந்த 29,000-ஐ எப்படிப் பிரித்து எழுதிக் கொடுத்தார் என்று மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.